எவ்வளவு? எப்போது?

பாட்டரி டவுன்

பெங்களூரு நகரத்தில் பாட்டரி டவுன் என்று ஓர் இடம் இருக்கிறது. பென்சன் டவுனை ஒட்டிய பகுதி அது. பல தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த குயவர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வீட்டு வாசலில் சக்கரம் சுற்றுகிறது. திண்ணையில் அகல் விளக்குகள் காய்கின்றன. பொங்கலுக்குப் பானை, கோடைக்குத் தண்ணீர்ப் பானை, சதுர்த்திக்குப் பிள்ளையார், தீபாவளிக்கு அகல் விளக்கு. இதுதான் அவர்களுடைய ஆண்டு.

ஒரு காலத்தில் பெங்களூரு ஏரிகளிலேயே நல்ல களிமண் கிடைத்தது. நகரம் வளர்ந்தது. ஏரிகள் குறைந்தன. இப்போது மண் வெளியிலிருந்து லாரியில் வருகிறது. மண்ணுக்கும் காசு. விறகுக்கும் காசு. ஆகவே கணக்குத் தெரியாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது.

இந்தப் பாடத்தில் வரும் குடும்பம் கற்பனைக் குடும்பம். இதில் வரும் விலைகளும் எடுத்துக்காட்டுக்குத்தான். ஆனால் தெரு உண்மை. தொழில் உண்மை. அந்தக் குடும்பத்துக்கு வந்த சிக்கலும் பல வீடுகளில் உள்ளதுதான்.

பொங்கல் முடிந்த இரவு

ஒரு குயவர் வீடு. அதில் நான்கு பேர். அப்பா, அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், வயதான பாட்டி.

அம்மா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது கூட்டிப் படிப்பார். கூட்டல், கழித்தல் போடுவார்.

பொங்கல் முடிந்தது. பானை விற்ற காசை அம்மா எண்ணினார். எண்ணி முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"இந்த வருஷமாவது நல்லா சம்பாதிக்கணும்" என்றார்.

"நல்லான்னா எவ்வளவும்மா?" என்று மகள் கேட்டாள்.

"எவ்வளவுன்னா... நிறைய."

"நிறையன்னா எவ்வளவு? எப்போ?"

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அப்பா சிரித்தார்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னே" என்றார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மைதான்.

போன ஆண்டு என்ன நடந்தது?

அம்மா யோசித்துப் பார்த்தார். போன ஆண்டு செப்டம்பரில் கையில் காசு இல்லை. விளக்கு வாங்கும் வியாபாரி வந்தார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். "பத்தாயிரம் விளக்கு வேணும். ஒன்னு ஒரு ரூபா" என்றார். வேறு வழியில்லை. வாங்கிக்கொண்டார்கள்.

உடனே வேலை தொடங்கியது. கூடவே மழையும் தொடங்கியது.

பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிக மழை பெய்யும் மாதங்கள். மழைக் காலத்தில் பச்சை விளக்கு சீக்கிரம் காயாது. சரியாகக் காயாததைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். ஆவி வெளியே வர வழி தேடும். விளக்கு வெடித்துவிடும். அப்படி எத்தனையோ விளக்குகள் உடைந்தன.

மகள் இரவில் கண் விழித்து விளக்குகளை அடுக்கினாள். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. தீபாவளி முடிந்தபோது மிச்சம் ஒன்றும் இல்லை. விறகுக் கடைக்குக் கடன் மட்டும் நின்றது.

வரும் ஜூன் மாதம் மகள் பி.யூ.சி.யில் சேர வேண்டும். சேர்க்கைக்கும் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். இந்த ஆண்டும் அப்படியே போனால்? மகளும் சக்கரத்தின் முன்னால் உட்கார வேண்டியதுதான். அம்மாவுக்கு அந்தக் கவலைதான் பெரிது.

காலண்டரின் பின்பக்கம்

சுவரில் போன ஆண்டுக் காலண்டர் தொங்கியது. அம்மா அதைக் கழற்றினார். ஒரு தாளைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது. மகளின் பேனாவை வாங்கினார்.

முதலில் எழுதியது இது: "இந்த வருஷம் நல்லா இருக்கணும்."

மகள் பார்த்தாள். "இது ஆசைம்மா. குறிக்கோள்னா அளந்து பார்க்க முடியணும். எவ்வளவுன்னு ஒரு எண். எப்போன்னு ஒரு தேதி. ரெண்டையும் எழுது."

அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாட்டியும் காது கொடுத்தார். வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் நான்கு வரிகள் எழுதினார்கள்.

1. மே 31க்குள் மகளின் படிப்புக்கு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும்.

2. ஆகஸ்ட் 31க்குள் 10,000 விளக்குகள் சுட்டு, வீட்டில் தயாராக இருக்க வேண்டும். செப்டம்பரில் முன்பணம் வாங்கக் கூடாது.

3. ஏப்ரல் 15க்குள் ஒரு புதுப் பொருள் செய்து பார்க்க வேண்டும்.

4. ஞாயிறு மதியம் சக்கரம் சுற்றக் கூடாது. அம்மா அந்த நேரத்தில் கணக்கு நோட்டு எழுத வேண்டும்.

முதல் இரண்டும் பணத்துக்கான குறிக்கோள்கள். மூன்றாவது கைத்திறனுக்கு. நான்காவது அம்மாவுக்கே உரியது. தொழில் செய்பவருக்கு இந்த மூன்று வகையும் வேண்டும். பணத்தை மட்டும் எழுதினால் கை பழைய வேலையையே செய்துகொண்டிருக்கும். உடம்பும் தேய்ந்துபோகும்.

பெரிய எண்ணைச் சிறிய எண்ணாக்குவது

"பத்தாயிரம் விளக்கா? யாரால முடியும்?" என்றார் அப்பா.

"ஒரே நாள்லயா செய்யப் போறோம்? நாள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றார் அம்மா.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களும் வெயில் காலம். ஞாயிறுகளைக் கழித்தால் ஏறத்தாழ 100 வேலை நாட்கள். ஒரு நாளைக்கு 110 விளக்குகள் செய்தால் 100 நாளில் 11,000 விளக்குகள். பத்தில் ஒன்று உடையும் என்று வைத்துக்கொண்டால் 1,100 போய்விடும். மீதி 9,900. இன்னும் ஒரே ஒரு நாள் வேலை செய்தால் ஏறத்தாழ 10,000 ஆகிவிடும்.

பழகிய கைக்கு ஒரு நாளில் 110 அகல் விளக்கு பெரிய வேலை இல்லை. காலையில் முதல் வேலையாக முடித்துவிடலாம். பிறகு தண்ணீர்ப் பானை செய்யலாம். கோடையில் தண்ணீர்ப் பானை அன்றாடம் விற்கும். அந்தக் காசில் வீடு நடக்கும்.

அந்தக் காசிலிருந்தே தினம் 50 ரூபாய் எடுத்து வைத்தால்? 100 நாளில் 5,000 ரூபாய். முதல் குறிக்கோளும் நிறைவேறும்.

அப்பா தாளை வாங்கி மறுபடி பார்த்தார். "சரி. நாளைக்கு மண் சொல்லிவிடறேன்" என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மா தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணினார். தீபாவளி அக்டோபரில் அல்லது நவம்பரில் வரும். அதற்கு முன் மழை. மழைக்கு முன் பிள்ளையார் வேலை. ஆகவே விளக்கு வேலையை வெயில் காலத்துக்கு நகர்த்தினார். கடைசி நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னால் எண்ணிவந்தால், எப்போது தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

தையல் தொழிலுக்கும் இது பொருந்தும். பள்ளிகள் ஜூனில் திறந்தால், சீருடை தைக்கும் வேலை ஏப்ரலிலேயே தொடங்க வேண்டும். பூக்கட்டுபவருக்கும், ஊதுபத்தி உருட்டுபவருக்கும் இதே முறைதான்.

புதுப் பொருள்

கோடையில் பலர் மாடியில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் தண்ணீர் சுட்டுவிடும். "மண் கிண்ணம் செஞ்சு, மூணு ஓட்டை போட்டு, கயிறு கட்டித் தொங்கவிடலாமே" என்றாள் மகள்.

அம்மா நூறு கிண்ணம் செய்யவில்லை. பத்து மட்டும் செய்தார். காயும்போதே ஆறு விரிந்துவிட்டன. பாட்டி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"அடி தடிமனா இருக்கு. விளிம்பு மெல்லிசா இருக்கு. விளிம்பு முந்திக் காயுது, அடி பிந்திக் காயுது. இழுத்துக்கிட்டு விரியுது. எல்லாம் ஒரே கனமா இருக்கணும்டி" என்றார்.

அடுத்த பத்தில் இரண்டுதான் விரிந்தன. நல்லவற்றைத் தெருவில் பானைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். பார்த்தவர்கள் விலை கேட்டார்கள். எந்த விலைக்கு வாங்குகிறார்கள், எந்த விலை சொன்னால் போய்விடுகிறார்கள் என்று அம்மா நோட்டில் குறித்தார்.

புதுப் பொருளுக்கான குறிக்கோள் இப்படித்தான் இருக்க வேண்டும். சிறிதாகச் செய்து பார்க்க வேண்டும். உடைந்தால் நட்டம் சிறிது. கற்றுக்கொள்வதோ பெரிது.

பிள்ளையார் வேலையிலும் இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் தண்ணீரில் எளிதில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட விதிமுறைகள் அந்தச் சிலைகள் கூடாது என்று சொல்கின்றன. களிமண் பிள்ளையார் கரைந்துவிடும். குயவர்களின் கைக்கு இது வேலை தரும்.

பாதியில் வந்த தடை

ஏப்ரல் மாதம். ஒரு நாள் மதியம் திடீரென்று வானம் இருண்டது. கோடை மழை கொட்டியது. வாசலில் காய்ந்துகொண்டிருந்த 600 விளக்குகள் நனைந்தன. கரைந்து மறுபடி சேறானது.

அதே மாதம் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பன்னிரண்டு நாட்கள் வேலை நின்றது. உண்டியலில் 50 ரூபாய் போடவும் முடியவில்லை.

அப்பா சோர்ந்துபோனார். "எழுதி வெச்சு என்ன ஆச்சு? எல்லாம் போச்சு" என்றார்.

அம்மா நனைந்த மண்ணை வாரிக் கூடையில் போட்டார்.

"ஏங்க, சுட்ட ஓடு உடைஞ்சாத்தான் போச்சு. இது பச்சை மண்ணு. மறுபடி பிசைஞ்சுக்கலாம்" என்றார்.

அன்று இரவு தாளை எடுத்தார். 10,000 என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 8,000 என்று எழுதினார். தேதியை மாற்றவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை.

குறிக்கோளைக் குறைத்து எழுதுவதில் வெட்கம் இல்லை. எழுதாமல் விட்டுவிடுவதுதான் நட்டம். எவ்வளவு குறைந்தது, எதனால் குறைந்தது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும். "ஏப்ரல், மே மதியத்தில் தார்ப்பாய் கையில் இருக்க வேண்டும்" என்று அம்மா ஓரத்தில் எழுதிவைத்தார்.

ஏழு பெண்கள், எண்பது ரூபாய்

சிறிய கணக்கிலிருந்து பெரிய தொழில் வளர்ந்த கதை ஒன்று உண்டு. இது நடந்த கதை.

1959 மார்ச் 15. பம்பாய் நகரம், கிர்காம் பகுதி. ஏழு பெண்கள் ஒரு மொட்டை மாடியில் கூடினார்கள். 80 ரூபாய் கடன் வாங்கியிருந்தார்கள். அதில் மாவு வாங்கி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பொட்டலம் அப்பளம் ஆனது. லிஜ்ஜத் அப்பளம் இப்படித்தான் பிறந்தது.

அவர்கள் தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். நட்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்பது அந்த முடிவு. பிசைந்த மாவை நிறுத்துத் தருவார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பளம் இடுவார்கள். காய்ந்த அப்பளத்தை நிறுத்து வாங்கிக்கொண்டு கூலி தருவார்கள். எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. பின்னாளில் பல்லாயிரம் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

முதல் நாள் நான்கு பொட்டலம்தான். ஆனால் அந்த நான்கையும் எண்ணினார்கள்.

கடன் வாங்கும் முன்

மின்சாரச் சக்கரம் வாங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்குக் கடன் வேண்டும்.

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று பி.எம். விஸ்வகர்மா என்ற திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு வகைக் கைத்தொழில் செய்பவர்களுக்கு அது உரியது. குயவர், தையற்காரர், தச்சர், பூமாலை கட்டுபவர் ஆகியோரும் அதில் அடங்குவர். அதில் பயிற்சி உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. பிணை இல்லாமல் முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம். அதை 18 மாதத்தில் கட்ட வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் பதிவு செய்யலாம். இப்போதைய விதிகளைப் பொதுச் சேவை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் கடன் வாங்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். எதற்காக இந்தக் கடன்? எந்த மாதம் எவ்வளவு திருப்பிக் கட்ட முடியும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்பாவும் பொறுத்தார். "அடுத்த வருஷத் தாளில் எழுதலாம்" என்றார்.

செப்டம்பர் வந்தது

மே 31 அன்று அம்மா உண்டியலை எண்ணினார். 4,400 ரூபாய் இருந்தது. 600 ரூபாய் குறைந்தது. அந்த 600க்கு மட்டும் குழுவில் கடன் வாங்கினார்கள். மகள் ஜூனில் பி.யூ.சி. சேர்ந்தாள்.

ஆகஸ்ட் 31 அன்று பின்னறையில் 8,000 விளக்குகள் வைக்கோல் போட்டு அடுக்கியிருந்தன. எல்லாம் சுட்டவை. இனி மழை வந்தாலும் பயம் இல்லை.

செப்டம்பரில் வியாபாரி வந்தார்.

"என்னம்மா, அட்வான்ஸ் தரட்டுமா?"

"வேணாம்ணே. விளக்கு தயாரா இருக்கு. காசு குடுத்தா இன்னிக்கே எடுத்துக்கலாம். ஒன்னு ஒன்றரை ரூபா."

வியாபாரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அறைக்குள் அடுக்கியிருந்த விளக்குகளைப் பார்த்தார். பேரம் பேசினார். ஒன்றேகால் ரூபாய்க்கு முடிந்தது. 5,000 விளக்குகள் போயின. மீதி 3,000 விளக்குகளைத் தீபாவளிக்கு முன் தெருவோரத்தில் வைத்து, ஒன்று இரண்டு ரூபாய்க்கு விற்றார்கள்.

அந்த மழைக்கால இரவுகளில் மகள் விளக்கு அடுக்கவில்லை. பாடம் படித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டு எழுதினார்.

மறு ஆண்டுப் பொங்கல் முடிந்தது. அப்பா பழைய காலண்டரை அவரே கழற்றினார். தாளைத் திருப்பினார்.

"எங்கே பேனா?" என்றார்.

பேசிப் பார்ப்போம்

1. "இந்த வருஷம் நல்லா இருக்கணும்" என்பதற்கும் "மே 31க்குள் 5,000 ரூபாய்" என்பதற்கும் என்ன வேறுபாடு?

2. போன ஆண்டு வியாபாரி சொன்ன விலைக்கு ஏன் ஒப்புக்கொண்டார்கள்? இந்த ஆண்டு அம்மாவால் எப்படி விலை பேச முடிந்தது?

3. உங்கள் தொழிலில் மழை போலக் குறுக்கே வருவது எது? அது எந்த மாதம் வரும்?

கணக்குப் போடுவோம்

1. 5,000 விளக்குகளை ஒன்றேகால் ரூபாய்க்கும், 3,000 விளக்குகளை இரண்டு ரூபாய்க்கும் விற்றால் மொத்தம் எவ்வளவு?

2. அதே 8,000 விளக்குகளைப் போன ஆண்டு விலையான ஒரு ரூபாய்க்கு விற்றிருந்தால் எவ்வளவு? எவ்வளவு அதிகம் கிடைத்தது?

3. தினம் 20 ரூபாய் எடுத்து வைத்தால் 100 நாளில் எவ்வளவு சேரும்?

(விடை: 1. 12,250 ரூபாய். 2. 8,000 ரூபாய், 4,250 ரூபாய் அதிகம். 3. 2,000 ரூபாய்.)

எழுதிப் பார்ப்போம்

ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

பணத்துக்கு என் குறிக்கோள்: ............ ரூபாய். தேதி: ............

என் கைத்திறனுக்கு: நான் செய்து பார்க்கப் போகும் புதுப் பொருள் ............ தேதி: ............

எனக்காக: வாரத்தில் ............ கிழமை, ............ மணி நேரம், நான் செய்யப் போவது ............

நாளை காலை முதல் வேலை: ............